அண்ணனுக்குத் துப்பாக்கிக் காவல்... தம்பிக்குத் துணை யார்? - செம்மரமும் வேங்கையும்

நவராத்திரி வந்தால் பரணிலிருந்து இறங்கும் பெட்டியில், துணி சுற்றி, பத்திரமாகப் படுத்திருக்கும் ஜோடி மரப்பாச்சி. பாட்டி காலத்துப் பொம்மை என்றால் கையில் எடுத்ததுமே தெரியும். அளவுக்குச் சம்பந்தமே இல்லாத கனம். அந்தக் கனமும் அந்தக் கருஞ்சிவப்பும் செம்மரத்துக்கு உரியவை. கொலுப்படியில் மரப்பாச்சிக்கு முதல் இடம் என்பதும், கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பதும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பொம்மையைக் கல்லில் உரசிப் பற்றுப் போடுவதும் பல குடும்பங்களில் இருந்த பழக்கங்கள்.

இன்னொரு வீட்டில், அல்லது அதே வீட்டின் சமையலறை மேடையில், ஒரு மர டம்ளர் இருக்கும். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் லேசாக நீலம் மினுங்கும். 'சுகருக்கு நல்லது' என்று யாரோ வாங்கிக் கொடுத்தது. அது வேங்கை.

இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த மரங்கள் என்பது பலருக்குத் தெரியாது. தாவரவியலில் அந்தப் பேரினத்துக்கு டெரோகார்பஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'சிறகுள்ள காய்' என்று அர்த்தம். செம்மரம் டெரோகார்பஸ் சான்டலினஸ். வேங்கை டெரோகார்பஸ் மார்சுபியம். அண்ணன் தம்பி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால், அண்ணனைக் காக்க ஒரு மாநில அரசு ஆயுதம் ஏந்திய தனிப்படையை வைத்திருக்கிறது. தம்பியை வெட்டினால் பக்கத்து ஊர்க்காரருக்குக்கூடத் தெரியாது.

சந்தனமும் இல்லை, சொந்தமும் இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செஞ்சந்தனம், ரத்த சந்தனம், தெலுங்கில் எர்ர சந்தனம் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் செம்மரத்துக்கும் சந்தன மரத்துக்கும் எந்த உறவும் கிடையாது. சந்தனம் வேறு குடும்பம். பக்கத்துச் செடிகளின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வளரும் பாதி ஒட்டுண்ணி அது. செம்மரமோ அவரை, துவரை, நிலக்கடலை எல்லாம் இருக்கிற பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. செம்மரக் கட்டையில் சந்தனம்போல வாசமும் வராது. வாசத்துக்காக யாராவது 'சிவப்புச் சந்தனம்' விற்றால், வாசம் வேறு எங்கிருந்தோ சேர்க்கப்பட்டது என்று அர்த்தம்.

அண்ணனையும் தம்பியையும் பிரித்தறிய இலையைப் பார்த்தால் போதும். செம்மரத்தில் ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள், கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். வேங்கையில் ஐந்து முதல் ஏழு வரை, சற்று நீண்டிருக்கும். பூ இரண்டிலும் மஞ்சள்தான், கொத்துக் கொத்தாக. காய் இரண்டிலும் தட்டையான வட்டம், நடுவில் விதை, சுற்றிலும் காகிதம்போலச் சிறகு. காற்றில் சுழன்று போய் விழ வசதி. பட்டையைக் கீறினால் இரண்டிலும் ரத்தம்போலச் சிவப்பாகப் பிசின் கசியும்.

ஆளைப் பார்த்தால் வித்தியாசம் பெரிது. வேங்கை நல்ல மண்ணில் 30 மீட்டர் வரைகூட உயரும். செம்மரம் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். பட்டை முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். பாறையிடுக்கில், மழை குறைந்த, வெயில் கொளுத்தும் சரிவில் மெள்ள மெள்ள வளர்வது அதன் இயல்பு. அப்படி மெள்ள வளர்வதால்தான் உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கெட்டிப்படுகிறது.

தம்பிக்கு இலக்கியம், அண்ணனுக்கு ஏற்றுமதி

தமிழில் வேங்கைக்கு இருக்கும் செல்வாக்கு செம்மரத்துக்கு இல்லை. புலிக்கும் வேங்கை என்று பெயர், மரத்துக்கும் வேங்கை என்று பெயர். கரும்பாறை மேல் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் பூக்கள் தூரத்திலிருந்து பார்த்தால் புலி படுத்திருப்பதுபோலத் தெரியும் என்று சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். பூப்பறிக்கப் போகும் பெண்கள் 'புலி, புலி' என்று கூச்சல் போடும் வழக்கமும் அந்தப் பாடல்களில் வருகிறது. அதைக் கேட்டு நிஜமாகவே புலி வந்துவிட்டது என்று நினைத்து ஆட்கள் ஓடி வருவார்கள்! வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது, அறுவடை வந்துவிட்டது என்று மலைநாட்டில் கணக்கு. தினைக்காவல் முடிந்தால் தலைவி வீட்டுக்குப் போய்விடுவாள், காதலனைப் பார்க்க முடியாது. அதனால் காதலர்களுக்கு இந்தப் பூ மேல் கொஞ்சம் கோபமும் உண்டு. மதுரை எரிந்த பிறகு மலையேறிய கண்ணகி கடைசியாக நின்றதும் ஒரு வேங்கை மரத்து நிழலில் என்கிறது சிலப்பதிகாரம்.

இலக்கியம் வேண்டாம், வீட்டுக்கு வருவோம். கைக்குழந்தைக்கு வைக்கும் கறுப்புப் பொட்டு, கடை மையாக மாறுவதற்கு முன்பு பல ஊர்களில் வேங்கைப் பாலில்தான் செய்யப்பட்டது. மரத்திலிருந்து எடுத்த பாலைக் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைத்து, தேவைப்படும்போது தண்ணீர் தொட்டு உரசி வைப்பார்கள். அதே பிசின் 'மலபார் கினோ' என்ற பெயரில் கப்பலேறி ஐரோப்பிய மருந்துக்கடைகளுக்கும் போயிருக்கிறது. வயிற்றுப்போக்குக்குத் துவர்ப்பு மருந்து.

செம்மரத்தின் கதை ஆரம்பத்திலிருந்தே வெளிநாட்டு வியாபாரக் கதை. அதன் கட்டையிலிருந்து வரும் சான்டலின் என்ற சிவப்புச் சாயம் துணிக்கும் உணவுக்கும் நிறம் ஏற்றப் பயன்பட்டது. சீனாவில் அரண்மனை காலத்திலிருந்தே கருஞ்சிவப்பு மரச்சாமான் என்றால் அந்தஸ்து. ஜப்பானில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துப் பகுதிக்கு உயர்ந்த மரம் இதுதான். அதிலும் கட்டைக்குள் அலை அலையாக வரியோடும் மரத்துக்கு விலை தனி. எல்லா மரத்திலும் அந்த அலை இருக்காது. நிற்கிற மரத்தை வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்வதும் கடினம். இந்தச் சூதாட்டம்தான் காட்டுக்கு எமன்.

'அணு உலையில் கதிர்வீச்சைத் தடுக்கச் செம்மரம் வாங்குகிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலை நம்பி நிலம் முழுக்கக் கன்று நட்டவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் என்று எதையும் யாரும் காட்டியதில்லை. மேஜை, நாற்காலி, கட்டில், வாத்தியம், சாயம் என இவ்வளவுதான் ரகசியம். பணக்காரர் வீட்டு வரவேற்பறைக்காக ஒரு மலை மொட்டையாகிறது என்பது, அணு உலைக் கதையைவிட நம்பக் கஷ்டமான விஷயம்தான்!

சிவப்புப் பட்டியல் என்ன சொல்கிறது?

உலகில் எந்த உயிரினம் எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்கெடுத்துச் சொல்வது ஐ.யு.சி.என் அமைப்பின் சிவப்புப் பட்டியல். அதில் செம்மரம் ஏறி இறங்கிய படிகள் வினோதமானவை. 1998-ல் 'அருகிய இனம்'. 2018-ல் இரண்டு படி இறக்கி, 'அச்சுறு நிலையை நெருங்கும் இனம்' என்று மாற்றினார்கள். ஆபத்து குறைந்துவிட்டது என்று பொருள். 2021 மதிப்பீட்டில் மறுபடியும் 'அருகிய இனம்'. கடந்த மூன்று தலைமுறைக் காலத்தில் செம்மரத்தின் எண்ணிக்கை 50 முதல் 80 சதவிகிதம் வரை குறைந்திருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தலைமுறை என்றால் மனிதத் தலைமுறை இல்லை, மரத்தின் தலைமுறை.

அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று தலைமுறைக் காலத்தில் 30 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தால் 'அழிவாய்ப்புள்ள இனம்', 50 சதவிகிதத்தைத் தாண்டினால் 'அருகிய இனம்', 80 சதவிகிதத்தைத் தாண்டினால் 'மிக அருகிய இனம்'. அதற்கும் மேலே 'காட்டில் இல்லை', கடைசியாக 'அற்றுப்போனது'. செம்மரம் நிற்பது மிக அருகியதற்கு ஒரு படி முன்னால்.

இன்னொரு பிரச்னை முகவரி. செம்மரம் இயற்கையாக வளர்வது உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். சேஷாசலம், பாலகொண்டா மலைகளைச் சுற்றி, ஆந்திராவின் பழைய கடப்பா, சித்தூர், நெல்லூர், கர்னூல், பிரகாசம் மாவட்டங்கள், எல்லையை ஒட்டித் தமிழ்நாட்டில் சில துண்டுகள். அவ்வளவுதான். திருப்பதிக்குப் போகிறவர்கள் மலைப்பாதையில் பேருந்து ஜன்னல் வழியே பார்க்கிற காடுதான் உலகத்துக்கே இருக்கும் செம்மரக் காட்டின் நடுப்பகுதி. அங்கே அழிந்தால் வேறு எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

வேங்கைக்கு முகவரி நிறைய. மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, மத்திய இந்தியக் காடுகள், நேபாளத்து அடிவாரம், இலங்கை. கன்னடத்தில் ஹொன்னே, இந்தியில் பீஜாசால் அல்லது விஜயசார், சிங்களத்தில் கம்மாலு. இத்தனை பெயர் இருப்பதே அது பரந்து விரிந்து வாழ்ந்ததற்குச் சாட்சி. சிவப்புப் பட்டியலில் இப்போது அதன் இடம் 'அச்சுறு நிலையை நெருங்கும் இனம்'. 1998 கணக்கில் இதைவிட ஒரு படி மோசமாக இருந்தது.

அப்படியானால் வேங்கை தப்பித்துவிட்டதா? இங்கேதான் பட்டியலைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. சிவப்புப் பட்டியல் கேட்கும் கேள்வி, 'இந்த இனம் உலகத்திலிருந்தே அழியுமா?' என்பது. 'உங்கள் மலையில் இருந்து அழியுமா?' என்று அது கேட்பதில்லை. பத்து மாநிலத்தில் பரவிய மரம் ஒரு மலையில் காணாமல்போனால் மொத்தக் கணக்கில் ஒரு சின்னப் புள்ளி குறையும். அந்த மலையில் பால் எடுத்தவர்களுக்கும், அந்த மரத்தில் கூடு கட்டிய பறவைக்கும் அது முழு நஷ்டம். 'ஆபத்து குறைவு' என்ற முத்திரை சில சமயம் 'கவனிக்க ஆள் தேவையில்லை' என்று படிக்கப்பட்டுவிடுகிறது. வேங்கைக்கு நடப்பது அதுதான்.

20 உடல்கள்

2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில், சந்திரகிரிக்கு அருகே இரண்டு இடங்களில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது, ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்பு சிறப்புப் படை. இறந்த 20 பேரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்துக் கூலித் தொழிலாளிகள். ஜவ்வாது மலையின் பழங்குடியினரும் அதில் இருந்தார்கள். கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல் துறை. பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை விவகாரம் போனது.

கொலுப்பொம்மையிலும் முகப்பூச்சுத் தூளிலும் பார்க்கும் மரத்துக்குப் பின்னால் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. மலைக்கிராமத்தில் மழை பொய்த்த வருஷம், மேஸ்திரி ஒருவர் முன்பணத்தோடு வருவார். மரம் வெட்ட ஆள் வேண்டும், நல்ல கூலி. ஜவ்வாது மலைக்காரர்களுக்குக் கோடாலி பழக்கம், செங்குத்தான சரிவில் சுமை தூக்கி நடப்பதும் பழக்கம். வெட்டிச் செதுக்கிய கட்டையைத் தோளில் வைத்து ராத்திரி முழுக்க நடந்து சாலைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்கு மேல் அந்தக் கட்டை லாரி, குடோன், துறைமுகம், கன்டெய்னர் என்று போகும். கூலி வாங்குபவருக்குத் துறைமுகத்தையும் தெரியாது, ஷாமிசென்னையும் தெரியாது. சர்வதேச சந்தையில் ஒரு டன் லட்சக்கணக்கில் விற்கும் சரக்கின் சங்கிலியில், பிடிபடுவதும் சாவதும் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான். 2021-ல் வந்த 'புஷ்பா' படத்தில் கூலியாக இருந்து முதலாளியாக உயர்ந்த ஹீரோவைப் பார்த்துத் தியேட்டர் விசிலடித்தது. நிஜத்தில் கூலிகள் உயர்ந்த கதை அதிகம் கேள்விப்படுவதில்லை.

காட்டுக்குக் காவல் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், ஜமுனாமரத்தூரில் வேலை இல்லாத ஒருவருக்கு வேறு வேலை கிடைக்கச் செய்வதும் செம்மரப் பாதுகாப்பில் சேரும். அந்தப் பகுதி எந்தச் சிவப்புப் பட்டியலிலும் வருவதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

அழியும் இனங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் 1995-லேயே சேர்க்கப்பட்டது. வணிகமே கூடாது என்பதல்ல இதன் பொருள். அனுமதியும் கணக்கும் வேண்டும். காட்டில் வெட்டிய செம்மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியா அனுமதிப்பதில்லை. 2004 முதல் செம்மர விஷயத்தில் இந்தியாவைத் தனிக் கண்காணிப்பில் வைத்திருந்தது சைட்டிஸ்.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் சொந்தப் பட்டா நிலத்தில் செம்மரம் வளர்த்த விவசாயிகள். கன்று நடச் சொன்னவர்கள் உண்டு, மானியம் கொடுத்தவர்கள் உண்டு. 25 வருஷம் கழித்து மரம் முற்றியபோது, 'இது காட்டு மரம் இல்லை, என் மரம்' என்று நிரூபிப்பதே பெரும்பாடாகிவிட்டது. 2019-ல் பட்டா நிலத்தில் வளர்ந்த செம்மரத்தை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு விதியைத் திருத்தியது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் நிலைக்குழுக் கூட்டத்தில் இந்தியா அந்தத் தனிக் கண்காணிப்பிலிருந்தும் விடுவிக்கப்பட்டது. வளர்ப்பு மரத்துக்கு வழி திறந்தால் காட்டு மரத்தின் மீதான நெருக்கடி குறையும் என்பது எதிர்பார்ப்பு. வளர்ப்பு மரம் என்ற ரசீதோடு காட்டு மரமும் வெளியேறிவிடாதா என்ற பயமும் கூடவே இருக்கிறது. இரண்டும் நியாயம்தான்.

சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. செம்மரத்தைப் பயன்படுத்தி லாபம் பார்ப்பவர்களிடமிருந்து வரும் தொகையில் ஒரு பங்கை வளர்த்தவர்களுக்கே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. 2025-ல் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 விவசாயிகளுக்கு 55 லட்சம் ரூபாய் இப்படி வழங்கப்பட்டது. தொகை சிறியதா பெரியதா என்பதைவிட, மரத்தின் பணம் மரம் நின்ற ஊருக்குத் திரும்புவது இந்தக் கதையில் அபூர்வம்.

வேங்கைக்கு இந்தப் பரபரப்பு எதுவும் இல்லை. சைட்டிஸ் பட்டியலில் இல்லை, தனிப்படை இல்லை, சினிமா இல்லை. அதே பேரினத்தில் ஆப்பிரிக்காவில் வளரும் மரங்கள் மொத்தமும் 2022-ல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலுக்குப் போய்விட்டன. காரணம், செம்மரத்துக்கு ஆசைப்பட்ட அதே சந்தை மாற்று மரம் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போனதுதான். சிங்கப்பூர்ச் சாலையோரங்களில் தமிழர்கள் தினமும் கடந்துபோகும் அங்சானா மரமும் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. பிலிப்பைன்ஸின் தேசிய மரமும் அதுவே. சாலையோரத்தில் சௌக்கியமாக நிற்கும் அதற்கும் காட்டில் நிலைமை சரியில்லை. சிவப்புப் பட்டியலில் அதுவும் அருகிய இனம். ஒரு மரம் முடிந்தால் அதன் உறவுக்காரனைத் தேடிப் போவது மர வியாபாரத்தின் வழக்கம். அந்த வரிசையில் வேங்கை ரொம்ப தூரத்தில் இல்லை.

டம்ளர் விஷயம்

வேங்கைக் கட்டைக்குக் கதவு, நிலை, வண்டிச் சக்கரம் என்று எப்போதும் கிராக்கி இருந்தது. இப்போது கூடுதல் கிராக்கி, சர்க்கரை நோய். ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் வேங்கைக்குப் பழைய இடம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்தி 1998-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு வேங்கைக் கட்டையின் சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 வாரங்களில் 97 பேரில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால், அது மருந்து கொடுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல. கொடுத்தது அளவு பார்த்துத் தயாரித்த சாரம். டம்ளரில் ராத்திரி ஊறிய தண்ணீரில் எவ்வளவு இறங்குகிறது என்பது கட்டைக்குக் கட்டை, நாளுக்கு நாள் மாறும். டம்ளர் வாங்கியாயிற்று என்று மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

நாட்டு மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் விற்கும் டம்ளர் நிஜமாகவே வேங்கையா, எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. ரத்த சந்தனத் தூளுக்கும் இதே கேள்விதான். ஃபேஸ் பேக் போடுவதற்கு முன்பு கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பதில் தெரியாது என்பது கிட்டத்தட்ட நிச்சயம். என்றாலும் கேட்பவர் எண்ணிக்கை கூடினால் பில் கேட்கும் பழக்கம் மொத்த வியாபாரி வரை போகும்.

டம்ளருக்குக் கட்டை வேண்டும், கட்டைக்கு முற்றிய மரம் வேண்டும். முற்றிய மரம்தான் காய்த்து விதை போடுவதும். பட்டைக்காகவும் பாலுக்காகவும் ஆழமாக வெட்டப்படும் மரம் நின்றுகொண்டே செத்துப்போகிறது. போதாததற்கு, வேங்கை விதை முளைப்பதும் சிரமம். கெட்டியான காய்க்குள் இருக்கும் விதை முளைப்பதற்குள் கரையானோ தீயோ முந்திக்கொள்ளும். முளைத்த கன்றை ஆடு மாடு மேயும். செம்மரத்துக்கும் இந்தக் கஷ்டமெல்லாம் உண்டு. ஆனால், விலை இருப்பதால் அதை நர்சரியில் வளர்க்க ஆள் இருக்கிறார்கள். இன்று தமிழ்நாட்டில் எந்த நர்சரியிலும் செம்மரக் கன்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வேங்கைக் கன்றுக்கு, கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

நட நினைப்பவர்களுக்கு

'ஏக்கருக்கு இத்தனை கோடி, பதினைந்தே வருஷம்' என்று செம்மரக் கன்று விற்கும் விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். வைரம் பாய்ந்த கட்டைக்கே விலை. அது சேர 25 வருஷமாவது ஆகும், நீர் பாய்ச்சிச் சீக்கிரம் பருக்க வைத்த மரத்தில் வைரம் அதே வேகத்தில் சேராது. நட்டதும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் மரக்கணக்கை ஏற்றிக்கொள்வது முக்கியம். பின்னால் வெட்டும்போது வனத் துறை கேட்கும் முதல் காகிதமே அதுதான். வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதி வாங்க வனச்சரக அலுவலகத்தை அணுக வேண்டும்.

வேங்கை நட நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. தோட்டத்து வேலியோரம், கோயில் நிலம், பள்ளி மைதானத்து மூலை என எங்கும் வரும்; தண்ணீர் தேங்கக் கூடாது, வெயில் வேண்டும். காய்கள் பழுப்பேறி உதிரும்போது புதிதாகப் பொறுக்க வேண்டும். சுற்றியிருக்கும் சிறகைக் கத்தரித்துவிட்டு, நடுப்பகுதியைச் சாணக் கரைசலில் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் மேலாகப் புதைத்தால் முளைப்பு கொஞ்சம் கூடும். பத்து போட்டால் மூன்று நான்கு முளைத்தாலே சந்தோஷப்படலாம். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் ஆட்டிடமிருந்து காக்க முள்வேலி போதும். பூக்கும் வயது வந்தபின் மரத்தடியில் காலையில் போய் நின்றால், தரையெல்லாம் மஞ்சள் உதிர்ந்திருக்கும்.